ஒரு சால்வையில் தீர்ந்த பதிப்புரிமை

என்னை வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான் திருடி என்று சொல்லியிருக்கிறார். நகையையோ பணத்தையோ நான் எடுக்கவில்லை. ஒரு புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்தேன், அவ்வளவுதான். சொன்னவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அதற்குத் தலையை ஆட்டியவர் என் மேலதிகாரி. இரண்டு பேரில் யார் இன்றைக்கு எதிரே வந்தாலும் நான் ஒதுங்கிப் போக மாட்டேன். நேராகப் பார்த்து, சௌக்கியமா என்று கேட்பேன். அவர்களுக்குத்தான் என் முகத்தைப் பார்க்கக் கூசும் என்று சொல்ல ஆசை. ஆனால் கூசாது. கூச்சப்படுகிற ஜாதி இல்லை அது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு சின்னப் பொது நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவள். காலையில் பேப்பருக்குச் சண்டை. மதியம் வேடசந்தூர் மில்லில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். சாயங்காலம் பரீட்சைக்குப் படிக்கிற கூட்டம். யார் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. என் கோபத்தையெல்லாம் மேலேயிருந்து சுற்றறிக்கை அனுப்புகிறவர்களுக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருக்கும். செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாறு பி.ஏ., அதற்கு மேல் பி.எட். முடித்திருந்தாள். அரசாங்கப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர் அவள் அப்பா, மல்லிகைத் தோட்டக்காரர். நூலகத்தில் வேலை பார்க்கிற என்னைப் பள்ளிக்கூடத்து ஆளாகவே எடுத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இந்தப் பரீட்சை ஒண்ண எழுதிப் பாக்கட்டும். ஆச்சுன்னா ஆச்சு. ஆகலைன்னா பேசாம வீட்டுல இருந்து பூக் கட்டட்டும். அதுக்குக் கண்ணு வேணாம், கை போதும்" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர். ஆனால் முடிவு கட்டியிருந்தார். அவர் டீ குடிக்கப் போனதும் அவள் என் மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஊருலயே நாந்தேன் வெரசாக் கட்டுவேன். பூக் கட்டுறது எனக்குப் பிடிக்காமல்லாம் இல்ல. சாவுற வரைக்கும் அது ஒண்ணுதேன்னு சொன்னாத்தேன் அழுக வருது."

அவளுக்கு வேண்டியது ஒரு புத்தகம். தென்னாட்டு வரலாறு பற்றிப் பேராசிரியர் ஒருவர் எழுதிய தடிப் புத்தகம். தேர்வுக் கேள்வியெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்று மாணவர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். அது கடையில் கிடைப்பது நின்று பல வருடம். எங்கள் நூலகத்தில் ஒன்று இருந்தது, முதுகு கிழிந்து, காலிகோ துணி ஒட்டி. பிரெய்லில் கிடையாது. வீட்டில் வாசித்துக் காட்டவும் ஆள் கிடையாது. சரி, நானே வாசித்துக் கேசட்டில் பதிந்து தருகிறேன் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து வாசித்தேன். மின்விசிறி ஓடினால் கரகரவென்று பதிகிறது. அதை நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற வாசிப்பேன். கதவைச் சாத்தினாலும் பேருந்து நிலையம் உள்ளே வந்துவிடும். நாயக்கர் கால நிலவரியை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கண்டக்டர் "நத்தம், நத்தம், நத்தம்" என்று கத்திக்கொண்டு போவார். அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்றேன். அவள் விடவில்லை.

"இருக்கட்டும்க்கா. எனக்கு அதுதேன் அடையாளம். நத்தம் பஸ்ஸு போற எடத்துல நெலவரி. யாரோ தும்முற எடத்துல பாளையம். கரண்டு போன எடத்துல கம்பெனிக்காரன் வாரான்."

அவளுக்கு அந்தக் கேசட்டுகள் அப்படித்தான் மனப்பாடம் ஆயின. பக்க எண் இல்லை, தலைப்பு இல்லை. ஹாரன் சத்தத்தையும் என் இருமலையும் வைத்துப் பாடத்தைக் கண்டுபிடிப்பாள். புத்தகம் முழுவதும் பதிந்து முடிந்தபோது ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கேசட் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் பதிந்து முடித்ததும் அதன் பின்பக்கத்துக் காதை உடைத்துவிடுவேன். அந்தப் பிளாஸ்டிக் காது இல்லையென்றால் டேப்ரிக்கார்டரில் பதிவு பட்டன் இறங்காது. யாரும் தெரியாத்தனமாக மேலே பாட்டுப் பதிந்துவிடக் கூடாது பாருங்கள். செருப்புப் பெட்டி நூலகத்திலேயே இருக்கும். அவள் வாரம் ஒரு முறை பூக் கொண்டு வருகிற வண்டியில் டவுனுக்கு வந்து, கேட்டு முடித்ததைத் தந்துவிட்டு வேறு எடுத்துப் போவாள்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கெடுத்தது அவளுடைய நல்ல குணம்.

அவர்கள் ஊரில் ஒரு பழக்கம். வெள்ளாமைக்கு விதை கொடுத்தவர், மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் என்று யாரால் நன்மை வந்ததோ அவர்கள் வீட்டுக்கு முதல் பறிப்புப் பூவைக் கொண்டு போய்க் கொடுத்துக் கும்பிட்டு வருவார்கள். அவளும் புத்தகம் எழுதிய பேராசிரியர் உள்ளூரிலேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தானே கட்டிய மல்லிகைச் சரத்தோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாசலிலேயே மறித்திருப்பேன். அவர் எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்தான். தன் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் வருவார்.

அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அய்யா, ஒங்க புத்தகத்த லைப்ரரி அக்கா வாசிச்சுக் கேசட்டுல குடுத்துருக்காங்க. அதக் கேட்டுத்தேன் படிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். மனிதர் பூவை வாங்கிக்கொண்டார். தலையில் கை வைத்து நல்லா இரு என்று ஆசீர்வாதமும் பண்ணினார். மறுநாள் என் அதிகாரியிடம் போய், நூலகத்தில் தன் புத்தகத்தைத் திருடிக் கேசட் போடுகிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்தார். அந்தப் பூ அப்போது வாடிக்கூட இருக்காது.

அதிகாரி கூப்பிட்டனுப்பினார். பேராசிரியர் பக்கத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, காப்பிரைட்டுன்னு ஒண்ணு இருக்கே, தெரியுமா? இப்ப டிஜிட்டல் யுகம். இன்னைக்குக் கேசட்டு, நாளைக்கு சிடி, அப்புறம் இன்டர்நெட்டுல ஏறி உலகம் பூராப் போயிடும்" என்றார் அதிகாரி.

செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் டேப்ரிக்கார்டரிலிருந்து உலகம் பூராப் போய்விடுமாம். அடேயப்பா! தென்னாட்டு நிலவரியைக் கேட்க அமெரிக்காவில் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போயிருந்தேன். ஊரில் பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை, அதைப் பிரித்துப் பார்த்தவரும் இல்லை. பார்வையற்றவர்களைப் பற்றி அப்போது அதில் தனியாக ஒரு வரி கிடையாது. அது வருவதற்கு இன்னும் பல வருடம் ஆனது. ஆனால் நூலகங்களுக்கு ஒரு வரி இருந்தது. நாட்டில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை, பொது நூலகத்தின் பொறுப்பில் இருப்பவர் நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று படிகள், அதாவது பிரதிகள், வரை எடுத்துக்கொள்ளலாம். அதை வாசித்துக் காட்டினேன்.

"கேசட்டு எப்படிம்மா படி ஆகும்? படின்னா புத்தகம். இது ஒலி" என்றார் பேராசிரியர்.

"படி இல்லைன்னா நான் எதைத் திருடினேன் சார்? வாசிச்சேன், அம்புட்டுத்தானே. படிதான்னா எனக்கு மூணு வரைக்கும் உரிமை இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமி, மறுபதிப்பு வரப்போகிறது, அதனால் விற்பனையில் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். அந்த மறுபதிப்பு அதற்கு முன்னாலும் பல வருடமாக வரப்போய்க்கொண்டே இருந்தது.

அதிகாரிக்குச் சட்டம் புரிந்ததோ இல்லையோ, புகார் என்ற சொல் புரிந்தது. பிரச்சினை முடிகிற வரைக்கும் கேசட்டுகளையும் புத்தகத்தையும் தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். புத்தகத்தை ஏன் என்று கேட்டேன். "அதத்தானேம்மா நீங்க திரும்பவும் வாசிப்பீங்க" என்றார். வாழ்நாளில் அவர் யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். அப்போது தேர்வுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்குக் கணினிகள் வந்து இறங்கின. டிஜிட்டல் நூலகமாம். குளிர்சாதன அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்று நினைத்தார்களோ என்னவோ. கணினிகளுக்கு உறை தைத்துப் போட்டார்கள். கதவுக்கு ஒரு பூட்டு. எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்! சிடியை இரவல் தரக் கூடாது, பதிப்புரிமை. வாசகர் கணினியைத் தொடக் கூடாது, கெட்டுப்போய்விடும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் வெளியூர்களில் இருக்கிறதாம், ஒன்று வாங்கிப் போடலாமே என்று கேட்டேன். "கண்ணு தெரியாத புள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" என்று அதிகாரி உண்மையிலேயே புரியாமல் கேட்டார். கண் தெரிந்தவர்களுக்கும் அவர் திறந்து விடவில்லை என்பது வேறு விஷயம்.

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊர் நூலகர்களுக்கெல்லாம் எழுதினேன். அந்தப் புத்தகம் அவர்கள் யாரிடமும் இல்லை. பார்வையற்றவர்களுக்காக நூலகம் புத்தகத்தை எந்த வடிவத்திலும் மாற்றித் தரலாம் என்று சட்டத்தில் எழுத வேண்டும், வாங்கிப் போட்ட கணினியை வாசகர் தொடலாம் என்று கொள்கையில் எழுத வேண்டும் என்று மனுப் போட்டு, வாசகர்களிடம் கையெழுத்து வாங்கினேன். தூங்க வருகிற மில்காரர்கள்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "ஒங்க கோரிக்கைக்காகவே ஒரு கருத்தரங்கு போடுறோம்மா" என்றார். தலைப்பு, டிஜிட்டல் யுகமும் படைப்பாளியின் உரிமையும். கல்யாண மண்டபத்தில், மதியச் சாப்பாட்டோடு. தலைமை உரை யார் என்று நான் சொல்ல வேண்டுமா? பேராசிரியரேதான்.

இதற்குள் அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டிருந்தாள். "பொட்டி வந்துருச்சாக்கா?" என்பாள். இல்லை என்றதும், தெரிந்ததை என்னிடம் ஒப்பித்துக் காட்டுவாள். முன்பாதிதான் மனப்பாடம் ஆகியிருந்தது. பின்பாதியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "அந்த அய்யாட்ட நானே போய்க் கேட்டுப் பாக்கட்டுமா? ஆசீர்வாதம் பண்ணுனவரு தானே" என்று கேட்டாள். அவருடைய சொந்தப் பிரதியைத் தருவாரா என்று நான் ஏற்கெனவே ஆள் விட்டுக் கேட்டிருந்தேன். மறுபதிப்பு வரட்டும் என்று பதில் வந்திருந்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டேன். எழுந்து பூ வண்டிக்குப் போனாள்.

கருத்தரங்கு நடந்தது. நடந்தது என்றா சொல்வது, நல்ல கூத்து. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். அதற்குள் பதிப்புரிமையை விளக்கி ஒரு கட்டுத் தாள். யாரோ எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து அத்தியாயம் அத்தியாயமாக ஜெராக்ஸ் போட்டிருந்தார்கள். பக்கத் தலைப்பில் எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து மறைத்திருந்தார்கள். அதுவும் சரியாக வைக்கத் தெரியாமல் ஒரு பக்கத்தில் பாதிப் பெயர் எட்டிப் பார்த்தது. திருடக்கூட ஒழுங்காகத் தெரியாதவர்கள்! அதிகாரியிடம் காட்டினேன்.

"அது கல்விக்காகம்மா" என்றார்.

"அந்தப் புள்ள மட்டும் என்ன சார், கல்யாண வீட்டுல போடவா கேசட்டு கேட்டா?"

"மேடைக்கு நேரமாச்சு" என்று நழுவிவிட்டார்.

பேராசிரியருக்குச் சரிகை போட்ட சால்வை போர்த்தினார்கள். மனிதர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். எழுத்தாளனின் வியர்வை என்றார், அறிவுத் திருட்டு என்றார், தன் புத்தகம் தன் குழந்தை மாதிரி என்றார். அந்தக் குழந்தையைத்தான் கடையில் கிடைக்காமலும் நூலகத்தில் இல்லாமலும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. என்னைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டார்கள். நாற்காலிகளில் பாதி காலி. மனுவை வாசிக்க ஆரம்பித்ததும் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். வேறு முகூர்த்தம் இருந்ததாம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மைக் இல்லாமலே கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஒரு குழு அமைத்துப் பரிசீலிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் குழுவில் யார் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் அதிகாரி மலர்ந்த முகத்தோடு செருப்புப் பெட்டியையும் புத்தகத்தையும் என் மேசையில் வைத்தார். "எடுத்துக்கோங்கம்மா. பேராசிரியருக்குக் கோபம் தணிஞ்சிருச்சு. மேடையேத்திச் சால்வை போட்டாச்சுல்ல" என்றார். அத்தனை நாள் பேசிய பதிப்புரிமை, எழுத்தாளனின் வியர்வை எல்லாம் ஒரு சால்வையில் துடைபட்டுப் போய்விட்டது. இதுதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே ஒன்று வாங்கிப் போர்த்தியிருப்பேனே.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பூ வண்டியில் சொல்லி அனுப்பிப் பெட்டியை அப்படியே அவள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் அவள் நடு மத்தியானம் வந்து நின்றாள். கையில் பெட்டி.

"அக்கா, பின்பாதியக் காணோம்."

போட்டுக் கேட்டேன். என் குரல் வர வேண்டிய இடத்தில் பேராசிரியர் எழுத்தாளனின் வியர்வையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த கேசட்டில் வரவேற்புரை. அதற்கடுத்ததில் கைதட்டல், நன்றியுரை, யாரோ சாம்பார் வாளியைத் தேடுகிற சத்தம். எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நான் காதை உடைத்திருந்த ஓட்டை மேல் செலோ டேப்பை ஒட்டியிருந்தார்கள். அதை ஒட்டினால் பதிவு பட்டன் இறங்கிவிடும். தெரியாமல் நடந்ததில்லை. கருத்தரங்கைப் பதிய வெறும் கேசட் வாங்காமல், "பீரோவுல சும்மாதானே கெடக்கு" என்று அதிகாரிதான் எடுத்துக் கொடுத்தாராம். கேட்டபோது அவரே சொன்னார், சிக்கனமாக இருந்ததற்குப் பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. பேராசிரியரின் புத்தகத்தைப் பேராசிரியரின் பேச்சை வைத்தே அழித்திருந்தார்கள். எந்தத் திருடனாலும் அவருடைய புத்தகத்துக்கு இவ்வளவு கெடுதல் செய்திருக்க முடியாது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. மிச்சமிருந்த நாட்களுக்கு நான் லீவு போட்டுவிட்டு, அவள் வீட்டுக்கே போய்த் தொண்டை கட்டுகிற வரைக்கும் வாசித்தேன். அவள் பூக் கட்டிக்கொண்டே கேட்டாள். ஆனால் தடிப் புத்தகத்தின் பாதியை ஒரு சில நாளில் யார் மண்டையில் ஏற்ற முடியும்? ஹாரன் இல்லை, தும்மல் இல்லை, அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஓர் அடையாளமும் இல்லை. தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என்னிடம், "பின்பாதியிலதேன் நெறையக் கேட்டுருந்தாங்க" என்றாள். முடிவு வந்தது. கொஞ்சத்தில் தவறிவிட்டது.

வீட்டில் இருந்து பூக் கட்டட்டும் என்று சொன்ன சொல்லை அப்பா மாற்றவில்லை. அவள் அதற்கு எதிர்த்தும் பேசவில்லை. ஒரு நாள் நூலகத்துக்கு வந்து, "பேராசிரியர் வீட்டுக்கு ஒரு எட்டு என்னைக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். எதற்கு என்று கேட்டேன். கையிலிருந்த ஒரு கேசட்டைக் காட்டினாள்.

பேராசிரியர் வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்து வாம்மா என்றார். தேர்வு என்னாயிற்று என்று கேட்கவில்லை.

"அய்யா, இதுல நீங்க மேடையில பேசுனது இருக்கு. ஒங்க பேச்சு ஒங்க சொத்து. ஏங்கிட்ட இருந்தாத் தப்பாயிரும்னு குடுத்துட்டுப் போக வந்தேன்."

"அடடே, என் பேச்சா! நல்லாப் பதிஞ்சிருக்கா?" அவருக்கு முகமெல்லாம் பல்.

"ரொம்ப நல்லாப் பதிஞ்சிருக்குய்யா. அதுக்கு அடியில இருந்த ஒங்க புத்தகந்தேன் கேக்கல."

அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது காதில் ஏறியதாகவே தெரியவில்லை. பிறகு அவள் வெறுங்கையைப் பார்த்து, "ஏம்மா, போன தடவ மாதிரி பூக் கொண்டு வரலையா?" என்றார்.

"பூ எங்க தோட்டத்துதுய்யா. எங்கப்பாட்ட அனுமதி வாங்கல."

"அதுக்கென்னம்மா, அடுத்த தடவ கேட்டு வாங்கிட்டு வா" என்றார் பேராசிரியர். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினோம்.